மயக்க டாக்டர் பதில்கள்: முதுகில் ஊசியா, வயிற்றில் ஊசியா?

பித்தப்பைக் கல் பற்றிப் போன இதழில் நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் கல்லைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. ஆபரேஷன் முடிந்த பிறகு வரும் வலியைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். அதனால் இந்த முறை அது மட்டும்தான்.

*

டாக்டரம்மாவுக்கு வணக்கம். என் அம்மாவுக்கு 54 வயது, எடை 52 கிலோ. காசிமேட்டில் மீன் எடுத்து வந்து விற்கிறார்கள். பித்தப்பையில் கல் இருக்கிறது, லேப்ராஸ்கோபியில் எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். சர்க்கரை உண்டு. கிரியேட்டினின் 1.6. முட்டி வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில், வலி தெரியாமல் இருக்க வயிற்றில் 'டேப் பிளாக்' என்று நரம்பை மரக்கவைக்கும் ஊசி போடுவோம் என்றார்கள். இரண்டாவது இடத்தில், அதெல்லாம் பழசு, முதுகில் 'எரெக்டர் ஸ்பைனே பிளாக்' போடுவோம், அதற்குத் தனி பில் என்றார்கள். முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலி என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அம்மாவோ, "ஒரு ஊசியும் வேணாம், பல்லக் கடிச்சிக்கினு இருந்துடுவேன்" என்கிறார்கள். எது நல்லது?
வாசகி, தண்டையார்பேட்டை

முதலில் உங்கள் அம்மா சொன்னதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்களைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நர்சிங் ஹோமில், காலையில் பித்தப்பை எடுத்த ஒரு அம்மாவுக்கு நானே பிளாக் போட்டேன். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து டீ குடித்தார். மறுநாள் விடியற்காலை ரவுண்ட்ஸ் போனால், முந்தானை நுனியை வாயில் திணித்துக் கடித்தபடி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். ராத்திரி 2 மணிக்கே பிளாக் விட்டுப்போயிருக்கிறது. சார்ட்டில் பாராசிட்டமாலுக்கு நேரே 'தேவைப்பட்டால்' என்று எழுதியிருந்தது. அவர் கேட்கவில்லை, அதனால் யாரும் கொடுக்கவில்லை. "எதுக்கும்மா தூங்கறவங்கள எய்ப்பிக்கினு" என்றார். வலியை அடக்கிக்கொண்டு கிடப்பவர் ஆழமாக மூச்சு விட மாட்டார், இருமிச் சளியைத் துப்ப மாட்டார், எழுந்து நடக்கவும் மாட்டார். மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வருவதற்கு இதுவே போதும். எந்த பிளாக் என்று முடிவு செய்வதற்கு முன்னால், அது விட்டுப்போன பிறகு என்ன கொடுப்பீர்கள், மணி பார்த்துக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் கேளுங்கள்.

சரி, பிளாக்குக்கு வருகிறேன்.

பித்தப்பை ஆபரேஷன் வலி ஒரே வலி அல்ல, மூன்று வலி. வயிற்றுச் சுவரில் பெரும்பாலும் நாலு துளை போடுவார்கள். தொப்புளில் ஒன்று, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் சின்னதாக இரண்டு. அந்தத் துளைகளின் வலி ஒன்று. ஈரலின் அடியிலிருந்து பையைப் பிரித்தெடுத்த இடத்தில், இங்கேதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாமல் உள்ளுக்குள் பிசையும் வலி இரண்டாவது. மூன்றாவது தோள்பட்டை வலி. வயிற்றை உப்ப வைக்க கார்பன் டை ஆக்சைடு வாயு செலுத்துகிறார்கள். அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை இழுத்து எரிச்சல்படுத்துகிறது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது, தோளுக்கும் அதே இடத்திலிருந்துதான் நரம்பு போகிறது. மூளைக்கு வித்தியாசம் தெரிவதில்லை, தோள் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது.

டேப் பிளாக் முதல் வலிக்கான வைத்தியம். வயிற்றின் பக்கவாட்டில் மூன்று தசைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. துளை போட்ட இடத்துக்கு உணர்ச்சி கொண்டுபோகும் நரம்புகள் இரண்டாவது தசைக்கும் மூன்றாவது தசைக்கும் நடுவில் ஓடுகின்றன. அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தால் பரோட்டாவைப் பிய்த்த மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். ஊசி அந்த இடுக்கில் சரியாக நின்றால், மருந்து போகப் போக இரண்டு தசையும் விலகி நடுவில் கறுப்பாக ஒரு படகு விரியும். அந்தப் படகைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதியாக மூச்சு வரும். விரியாமல் தசை மட்டும் உப்பினால் ஊசி தப்பான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

2001-ல் இந்த பிளாக்கை முதலில் எழுதியபோது அல்ட்ராசவுண்ட் இல்லாமல் இடுப்பு ஓரத்தில் போட்டார்கள். இடுப்பு ஓரத்தில் போட்டால் தொப்புளுக்குக் கீழேதான் நன்றாக மரக்கும். சிசேரியனுக்கு அது சரி. பித்தப்பைக்கோ, நெஞ்சுக்குழி வரைக்கும் மரக்க வேண்டும். அதனால் விலா எலும்பின் கீழ் ஓரத்தை ஒட்டிப் போடும் முறை 2008-ல் வந்தது. 'சப்காஸ்டல் டேப்' என்பார்கள். உங்கள் அம்மாவுக்கு டேப் என்று சொன்னவர்களிடம், விலாவுக்குக் கீழே போடுவீர்களா, இடுப்பிலா என்று கேளுங்கள்.

எரெக்டர் ஸ்பைனே பிளாக் 2016-ல் வந்தது. முதுகெலும்பின் இரு பக்கமும் கயிறு திரித்த மாதிரி மேலிருந்து கீழே ஓடும் தசைக்குத்தான் அந்தப் பெயர். தசைக்கு அடியில், முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எலும்பைத் தொட்டு ஊசி நிற்கும். பித்தப்பைக்கு ஏழாவது, எட்டாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் போடுவோம். மருந்து மேலும் கீழும் பரவும். முன்பக்கமாகவும் கசிந்து நரம்பு கிளம்பும் இடத்தை எட்டினால், உள்ளே பிசைகிற இரண்டாவது வலியும் கொஞ்சம் அடங்கும். எட்டினால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்தக் கசிவு எல்லா உடம்பிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எங்கள் துறையில் இன்னும் இதைப் பற்றி வாதம் நடக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா பயப்படும் ஊசி வேறு. சிசேரியனுக்கு நடுக்கோட்டில், முதுகெலும்புகளின் இடைவெளி வழியாக உள்ளே போகிறதே, அதைத்தான் அவர் மனதில் வைத்திருக்கிறார். எரெக்டர் ஸ்பைனே ஊசி தண்டுவடத்தின் பக்கமே போகாது. எலும்பு தடுத்து நிறுத்தும். குத்திய இடத்தில் இரண்டு நாள் லேசாக வலிக்கலாம், ஆயுசுக்கும் அல்ல.

இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில், முதல் நாள் தேவைப்பட்ட வலி மருந்தின் அளவை வைத்துப் பார்த்தால் எரெக்டர் ஸ்பைனே கொஞ்சம் முன்னால் நிற்கிறது. கொஞ்சம்தான். படுக்கையில் இருப்பவர் உணர்ந்து சொல்லும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் எல்லா ஆய்விலும் இல்லை. டேப் பிளாக்குக்கு ஒரு வசதி உண்டு. மயக்கம் கொடுத்த பிறகு மல்லாக்கப் படுத்த நிலையிலேயே போட்டுவிடலாம். முதுகில் போட வேண்டுமென்றால் மயக்கத்துக்கு முன்னால் உட்கார வைத்தோ ஒருக்களித்தோ போட வேண்டும். மயங்கியவரைத் திருப்ப மூன்று நாலு கை வேண்டும், மூச்சுக் குழாய் நகராமல் ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ராத்திரி எமர்ஜென்சியில் தியேட்டரில் நாங்கள் மூன்றே பேர் இருக்கும்போது நான் டேப்தான் போடுகிறேன். பகலில், ஆள் இருக்கும்போது, உள் வலி அதிகம் இருக்கும் என்று தோன்றினால் முதுகு. 'அது பழசு' என்று சொல்லி விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் டேப் போட்டுப் பழகிய கை, மாதம் ஒரு எரெக்டர் ஸ்பைனே போடும் கையைவிட உங்கள் அம்மாவுக்கு நல்லது.

குவாட்ரேட்டஸ் லம்போரம் என்று இன்னொன்றும் உங்கள் காதில் விழலாம். இடுப்புக்குப் பின்னால் ஆழத்தில் போடுவது. சிலருக்குக் கால் தற்காலிகமாகத் தளர்ந்துவிடும். அன்றே நடக்க வேண்டிய பித்தப்பைக்காரர்களுக்கு நான் அதைப் போடுவதில்லை.

இதையெல்லாம்விட எளிய ஒன்று இருக்கிறது. நாலு துளைகளிலும் சர்ஜனே மரப்பு மருந்தைப் போட்டுவிடுவது. இரண்டு நிமிஷ வேலை, மருந்தின் விலையும் கொஞ்சம்தான். புராஸ்பெக்ட் என்ற பன்னாட்டு நிபுணர் குழு, லேப்ராஸ்கோபி பித்தப்பைக்கு என்றே வலி நிவாரண வழிமுறை வெளியிட்டிருக்கிறது. பாராசிட்டமால், அழற்சி குறைக்கும் வலி மாத்திரை, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி ஒன்று, துளைகளில் மரப்பு மருந்து. இவைதான் அடிப்படை என்கிறார்கள். பிளாக் அதற்கு அடுத்த வரிசை. எல்லாருக்கும் கட்டாயம் இல்லை.

அப்படியானால் உங்கள் அம்மாவுக்கு வேண்டாமா? வேண்டும் என்றே நினைக்கிறேன். காரணம் அந்த கிரியேட்டினின் 1.6. சிறுநீரகம் தளர்ந்திருப்பதைக் காட்டும் எண் அது. டைக்ளோஃபினாக், கீட்டோரோலாக் போன்ற அந்த அழற்சி குறைக்கும் வலி மருந்துகளை அந்தச் சிறுநீரகத்துக்குக் கொடுக்க எந்த மயக்க டாக்டரும் தயங்குவார். டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும், அதையும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கிடைக்கும் இரண்டு கை உங்கள் அம்மாவுக்குக் கட்டப்பட்டிருக்கிறது. அப்போது பிளாக் உண்மையாகவே உதவும். எது என்பதை அங்கே ஊசி போடப் போகிறவரிடம், "உங்களுக்கு எது நன்றாகக் கைவரும்?" என்று கேட்டு முடிவு செய்யுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

முட்டி வலிக்குப் போடும் அந்த மாத்திரைப் பட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். தலையில் கூடை சுமந்து, ஐஸ் தண்ணீரில் நின்று வியாபாரம் செய்யும் பெண்கள் எத்தனை பேர் தினம் இரண்டு வேளை அந்த மாத்திரையைச் சாக்லேட் மாதிரி போட்டுக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். கிரியேட்டினின் ஏறியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அதை நிறுத்திவிடலாமா என்று இன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொரு கணக்கு. புபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தை ஒரு கிலோ எடைக்கு 2 மில்லிகிராம் அளவோடு நிறுத்திக்கொள்வோம். 52 கிலோவுக்கு 104. கால் சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 2.5 மில்லிகிராம் இருக்கிறது. இரண்டு பக்கமும் 20 மில்லி போட்டால் 100 மில்லிகிராம் தீர்ந்துவிட்டது. அதற்கப்புறம் சர்ஜன் தன் பங்குக்குத் துளைகளில் 20 மில்லி போட்டால் அளவு தாண்டிவிடும். தாண்டினால் நாக்கு மரப்பது, காதில் ரீங்காரம், வலிப்பு, இதயத் துடிப்பு தடுமாறுவது வரை போகலாம். நான் பிளாக் போட்டதும் தியேட்டர் போர்டில் எத்தனை மில்லிகிராம் என்று பெரிதாக எழுதிவிடுவேன், மிச்சம் எவ்வளவு என்று சர்ஜனிடம் வாய்விட்டும் சொல்வேன். உங்கள் அம்மா மாதிரி எடை குறைந்தவர்களுக்கு மருந்தை நீர்க்கச் செய்வேன், இல்லையென்றால் ரோபிவகெய்ன் என்ற வேறு மரப்பு மருந்தை எடுப்பேன். இந்த மருந்து ஏறிப்போனால் முறிக்கும் 20 சதவீதக் கொழுப்புத் திரவம் தியேட்டரில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். தனி பில் போடுகிறவர்கள் அதை வாங்கி வைத்திருக்க வேண்டும்.

கண் விழித்ததும் பிளாக் வேலை செய்கிறதா என்று பார்க்க நான் கையுறைக்குள் ஒரு ஐஸ் துண்டைப் போட்டு வயிற்றில் ஒற்றி எடுப்பேன். தோளில் வைத்தால் சில்லென்று இருக்கும், மரத்த இடத்தில் வைத்தால் வெறும் ஈரம் மாதிரி இருக்கும். காசிமேட்டு அம்மா ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே, "இங்க ஐஸு, இங்க ஐஸு, இங்க தண்ணி" என்று கச்சிதமாகச் சொன்னார். நெஞ்சுக்குழியில் ஐஸ் தெரிந்துவிட்டது. அந்த ஒரு துளைக்கு மட்டும் மருந்து எட்டவில்லை என்று புரிந்து, அளவில் மிச்சம் இருந்ததால் அங்கே கொஞ்சம் சேர்த்துப் போட்டேன். உங்கள் அம்மாவுக்கும் இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மீன் கூடையைத் தூக்க 4 வாரமாவது ஆகட்டும். அதுவரை தராசு முன்னால் உட்கார்ந்து வியாபாரம் செய்யட்டும், கூடையை வேறு யாராவது இறக்கிக் கொடுக்கட்டும்.

*

பிளாக் போட்டால் தோள் வலியும் வராது என்று சொன்னார்கள். எனக்கு வந்தது, மூன்று நாள் இருந்தது. ஊசி சரியாகப் போடவில்லையா?
வாசகர், வியாசர்பாடி

சரியாகவே போட்டிருப்பார்கள். வயிற்றுச் சுவரை மரக்கவைக்கும் ஊசிக்கும் கழுத்திலிருந்து வரும் நரம்புக்கும் சம்பந்தம் இல்லை. வராது என்று சொன்னதுதான் தப்பு.

2018-ல் எனக்கே பித்தப்பை எடுத்தார்கள். என்னிடம் வேலை பழகிய தம்பிதான் சப்காஸ்டல் டேப் போட்டார். துளைகள் இருக்கிற இடமே தெரியவில்லை, அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தார். அன்றிரவு வலது தோள்பட்டையில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி. நிமிர்ந்து உட்கார்ந்தால் அதிகம், மல்லாந்து படுத்தால் கொஞ்சம் குறைவு. அதுவரைக்கும், "கேஸ் வலிதாம்மா, போயிடும்" என்று எத்தனை பேரிடம் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்திருக்கிறேன் என்று விடியும்வரை நினைத்துக்கொண்டே கிடந்தேன். போயிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ராத்திரி போகவில்லை.

அதன் பிறகு தியேட்டரில் இரண்டு விஷயத்தை விடாமல் கேட்கிறேன். வாயு அழுத்தத்தை 15-க்கு ஏற்றாமல் 10, 12-லேயே வைத்துச் செய்ய முடியுமா என்று ஆரம்பத்தில் சர்ஜனிடம் கேட்பேன். கல் சுலபமாக வருகிற வயிறு என்றால் முடியும் என்பார். முடியாதபோது வற்புறுத்த மாட்டேன், அவருக்கு உள்ளே தெளிவாகத் தெரிய வேண்டும். கடைசியில் துளைகளை மூடுவதற்கு முன்னால், வயிற்றை மெல்ல அமுக்கி வாயுவை முழுக்க வெளியேற்றச் சொல்வேன். அதே நேரத்தில் நான் நுரையீரலை நன்றாக விரித்துக் கொடுப்பேன், உதரவிதானம் இறங்கி மிச்ச வாயுவையும் தள்ளிவிடும். வலி வந்தவர்களுக்குப் பாராசிட்டமால், தோளில் வெந்நீர் ஒத்தடம், வார்டுக்குள் நடை. மூன்று நாளுக்கு மேலும் இருந்தால், மூச்சுத் திணறலோ காய்ச்சலோ சேர்ந்தால், கேஸ் என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

*

ரயில்வேயில் ரிட்டையர் ஆனவன். இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் கட்டாமல் இருக்க குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறேன். லேப்ராஸ்கோபி சரிவரவில்லை என்றால் வயிற்றைத் திறக்க நேரும் என்கிறார்கள். அப்போது எனக்கு எந்த ஊசி?
வாசகர், பெரம்பூர்

1987-ல் என் அம்மாவுக்குத் திறந்துதான் எடுத்தார்கள். நம் நாட்டில் லேப்ராஸ்கோபியில் பித்தப்பை எடுக்க ஆரம்பித்ததே 1990-ல், மும்பையில் டாக்டர் டெஹம்டன் உட்வாடியாதான் முதலில் செய்தார். வலது விலாவுக்குக் கீழே சாய்வாக ஒரு சாண் தழும்பு அம்மாவுக்கு இருந்தது. இருமும்போதெல்லாம் தலையணையை அதன் மேல் அழுத்திக்கொள்வார். அந்த வெட்டுக்கு வலி பல மடங்கு.

திறக்க நேர்ந்தால் முதுகில் எபிட்யூரல் குழாய், அதாவது தண்டுவட உறைக்கு வெளியே மரப்பு மருந்து செலுத்தும் மெல்லிய குழாய், வைப்பது நல்ல வலி நிவாரணம். ஆனால் அதற்கு குளோபிடோக்ரலை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் தண்டுவடத்தின் பக்கத்தில் ரத்தம் கட்டி, கால் செயலிழக்கும் ஆபத்து உண்டு. உங்களுக்கு நான் வலது பக்கம் மட்டும் சப்காஸ்டல் டேப்போ எரெக்டர் ஸ்பைனேவோ போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை அங்கேயே விட்டு, இரண்டு நாள் மருந்து செலுத்துவதைத்தான் யோசிப்பேன். ரத்தம் கசிந்தாலும் அங்கே தண்டுவடம் இல்லை, டேப் போடும் இடத்தை வெளியிலிருந்து அமுக்கவும் முடியும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு நாள்கூட. இதய டாக்டர், சர்ஜன், மயக்க டாக்டர் மூன்று பேரும் பேசி, எழுதிக் கொடுத்த பிறகுதான்.

*

குழந்தைக்கு 5 மாதம். தாய்ப்பால் மட்டும்தான். பித்தப்பை ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். பிளாக் மருந்து பாலில் போகுமா? எத்தனை நாள் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டும்?
வாசகி, மண்ணடி

கொட்ட வேண்டாம். புபிவகெய்னும் ரோபிவகெய்னும் பாலில் மிகச் சொற்பமாகத்தான் இறங்கும். நன்றாகத் தெளிந்து, குழந்தையைப் பிடித்துக்கொள்ளத் தெம்பு வந்ததும் பால் கொடுக்கலாம். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் பால் கொடுப்பவர்களுக்கு ஆகும். டிரமடாலும் கோடீனும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பால் வழியாகப் போய்க் குழந்தையின் மூச்சை மந்தமாக்கலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்திருக்கிறது. நம் ஊரில் டிரமடால் ஊசி வழக்கமாகவே போடுகிறார்கள். அதைத் தவிர்க்கவே உங்களுக்கு பிளாக் நல்லது.

தியேட்டருக்குப் போகும் முன் ஒருமுறை பால் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கும் மார்பு கட்டாது. காலையில் முதல் கேஸாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். திரும்பி வந்து பால் கொடுக்கும்போது துளைகளின் மேல் குழந்தையின் கால் படாமல், ஒருக்களித்துப் படுத்தோ, இடது அக்குளுக்குக் கீழே குழந்தையை இடுக்கிக்கொண்டோ கொடுங்கள். வயிறு மரத்திருப்பதால் உதைத்தால்கூட அப்போது தெரியாது. ராத்திரி தெரியும். பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ ஒருவர் இருக்கட்டும்.